டியூனர் வேணாம்னு சொல்லி விக்கிற வயர் ஆன்டெனா – 4,800 ரூபா டப்பாவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாருங்க

பழைய வால்வு ரேடியோ செட்டு ஓட்டுறவங்க, புதுசா ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கினவங்க, ஆன்லைன்ல ரெடிமேட் ஆன்டெனாவுக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. எனக்கு 4,800 ரூபா போச்சு, கூடவே மூணு மாசம் ராத்திரி தூக்கமும் போச்சு.

என்னோடது கைல கட்டின செட்டு. அலைய உண்டாக்க 6ஏஜி7 வால்வு ஆசிலேட்டர், அதப் பெருக்கி அனுப்ப 6எல்6 வால்வு ஃபைனல், அலைவரிசைய நிறுத்தி வைக்க எஃப்டி-243 கிறிஸ்டல், 7030 கிலோஹெர்ட்ஸ், வெளிய பத்து வாட் வந்தா பெருசு, மோர்ஸ் மட்டும்தான். மொட்ட மாடில டைப்போல் (நடுவுல கேபிள், ரெண்டு பக்கமும் சமமா வயர் இருக்கற ஆன்டெனா) கட்ட சோம்பேறித்தனம், அது என் தப்பு. அப்ப கண்ணுல பட்டது இந்த விளம்பரம். 16 மீட்டர் "சுத்த காப்பர்" வயர், ஒரு கருப்பு டப்பா, உள்ள 9:1 டிரான்ஸ்ஃபார்மர் (வயரோட ஓம்ஸ ஒன்பதுல ஒரு பங்கா கொறைக்கறது), 80 மீட்டர்ல இருந்து 10 மீட்டர் அலைநீளம் வரைக்கும் டியூனரே (ஆன்டெனாவ செட்டுக்குப் பொருத்தற பெட்டி) வேணாம்னு போட்டிருந்தான்.

கட்டினதும் ஒரே குஷி. எஸ்டபிள்யூஆர் (பவர் ஆன்டெனா பக்கத்துல இருந்து எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற கணக்கு, 1 தான் பெஸ்ட்) 1.1, கைல இருந்த மூணு கிறிஸ்டலையும் மாத்தி மாத்திப் போட்டேன், ஊசி அசையல. ராத்திரி 40 மீட்டர்ல (என் 7030 இருக்கற பேண்டு) ஸ்டேஷன் எல்லாம் கணீர்னு கேக்குது ஆனா நான் சீகியூ (யாராவது பேச வாங்கன்னு பொது அழைப்பு) கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பல. நல்லா கேக்குதே அப்ப ஆன்டெனா நல்லதுதானேன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன். 40 மீட்டர்ல ராத்திரி இரைச்சலே பலமா இருக்கும், ஆன்டெனா பத்துல ஒன்பது பங்க முழுங்கினாலும் சிக்னலும் இரைச்சலும் சேந்தே கொறையுறதால காதுக்கு ஒண்ணும் தெரியாது. அனுப்பறப்ப அப்படி இல்ல, 10 வாட்டுல 1 வாட் வெளிய போனா அதுவே அதிர்ஷ்டம்.

விக்கிறவன்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டா "சார் இந்த அந்தக்காலத்து செட்டுக்கெல்லாம் சரிவராது, 100 வாட் ரிக் வாங்குங்க"ங்கறான். யோவ், 10க்கும் 100க்கும் வித்தியாசம் 10 டெசிபல், சிக்னல் பலம் காட்டற எஸ் மீட்டர்ல ரெண்டு பாயிண்ட் கூட வராது. அப்புறம் இன்னும் ஒசத்திக் கட்டுங்கன்னான். தண்ணி டேங்க் மேல ஏறி அதையும் பண்ணேன்.

ஆடிக் காத்துல ஒரு நாள் வயர் அந்துருச்சு. அது தெரியாம காலைல மோர்ஸ் கீய அமுக்குறேன், பிளேட் மீட்டர்ல டியூன் ஆனதும் ஊசி எறங்கற டிப் அதே எடத்துல, எஸ்டபிள்யூஆர் அதே 1.1. மேல போய் பாத்தா டப்பாவுல அரை அடி வயர்தான் தொங்குது! அந்த மொனைய கத்தில சொரண்டினா உள்ள வெள்ளையா அலுமினியம், மேல மட்டும் காப்பர் பூச்சு. டப்பாவ எறக்கி கோஆக்ஸ் (செட்டுல இருந்து வர்ற கேபிள்) பக்கம் மல்டிமீட்டர் வச்சேன், 47 ஓம். நெஜமான 9:1 டிரான்ஸ்ஃபார்மர்னா அங்க கிட்டத்தட்ட ஜீரோ காட்டணும். ஆக்சா பிளேடு போட்டு அறுத்துப் பாத்தா, அரல்டைட்டுக்குள்ள பத்து ரெசிஸ்டர், ஒவ்வொண்ணும் 470 ஓம் 2 வாட், எல்லாம் பேரலல், சேந்தா அதே 47 ஓம், என் பவர சூடாக்கியே தின்னுருக்கு. பக்கத்துல ஒரு ஃபெரைட் ரிங், ஒரு சுத்து கூட சுத்தாம சும்மா ஒட்டி வச்சிருக்கான்.

போட்டோ அனுப்பினேன். "சீல ஒடச்சிட்டீங்க, வாரண்டி கெடையாது"ன்னு ஒரு வரி, அதோட பிளாக்.

ரெசிஸ்டர் போட்டாலே திருட்டுன்னு சொல்லல. டி2எஃப்டின்னு மடிச்ச டைப்போல் இருக்கு, அதுல ரெசிஸ்டர் உண்டு, ஆனா அத சொல்லித்தான் விப்பாங்க. நீங்க இந்த மாதிரி டப்பா வாங்கியிருந்தா வயரக் கழட்டிட்டு ஒரு தடவ கீ பண்ணுங்க, எஸ்டபிள்யூஆர் எகிறலன்னா உள்ள ரெசிஸ்டர்தான்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, பை நெட்வொர்க் (ரெண்டு கண்டென்சர், நடுவுல ஒரு காயில்) இருக்கற பழைய செட்டுக்கு சரியா 50 ஓம் வேணும்னே இல்ல, ரெண்டு கண்டென்சரையும் திருப்பி பல விதமான வயர லோட் பண்ணிக்கும். கடைசில வீட்டு வயரிங்குக்கு மிஞ்சின ஒயர எடுத்து, டைப்போல் கணக்குப்படி 143 வகுத்தல் 7.03 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 20.34 மீட்டர், பக்கத்துக்கு 10.17, கொஞ்சம் நீளமா வெட்டி அப்புறம் நறுக்கிக்கிட்டே வந்தேன். பிவிசி பைப் துண்டுதான் இன்சுலேட்டர். அன்னிக்கு ராத்திரியே பெங்களூர்ல இருந்து ஒருத்தர் 559 (தெளிவா கேக்குது, ஓரளவு பலம்னு ரிப்போர்ட்) குடுத்தார், டோன் குயில் மாதிரி கூவுதுன்னு கிண்டல் வேற.

இன்னிக்கு காலைல பாத்தேன், அதே விளம்பரம் ஓடிட்டுதான் இருக்கு. டப்பா கலர மட்டும் சாம்பலா மாத்திருக்கான், வெல 5,200.