தோற்றுத் திரும்பிய இரண்டு அதிபர்களின் வீடு: குவின்சி ஆடம்ஸ் பூங்கா

அமெரிக்காவின் முதல் ஆறு அதிபர்களில் நான்கு பேர் வர்ஜீனியாக்காரர்கள்: வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ. நால்வரும் இரண்டு முறை ஜெயித்து எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தவர்கள். மீதி இருவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அப்பாவும் மகனும். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸ், ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். இருவரும் நான்கே ஆண்டுகளில் தேர்தலில் தோற்று ஊர் திரும்பியவர்கள். அவர்கள் திரும்பி வந்த வீடும், பிறந்த வீடுகளும் பாஸ்டனுக்குத் தெற்கே குவின்சி நகரில் இருக்கின்றன. ஆடம்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்கா என்ற பெயரில் தேசியப் பூங்காத் துறை அவற்றைப் பராமரிக்கிறது. வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னனும் ஜெஃபர்சனின் வீடான மான்டிசெல்லோவும் பார்த்திருக்கிறேன். இரண்டும் பெரிய மாளிகைகள், பார்க்க வேண்டியவைதான். ஆனால் அரசியல் வரலாற்றில் ஆர்வம் உள்ள யார் கேட்டாலும் முதலில் குவின்சிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

போவது சுலபம். பாஸ்டனில் ரெட் லைன் ரயில் ஏறி குவின்சி சென்டரில் இறங்கலாம். ரெட் லைன் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். பிரெயின்ட்ரீ போகிற வண்டியில் ஏற வேண்டும், ஆஷ்மான்ட் வண்டியில் ஏறினால் வேறு திசைக்குப் போய்விடும். ஸ்டேஷனிலிருந்து விசிட்டர் சென்டர் நடக்கிற தூரம்தான். வீடுகளுக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது; ரேஞ்சர் (பூங்கா ஊழியர்) அழைத்துப் போகும் சுற்றுலாவில்தான் போக வேண்டும். பிறந்த வீடுகள் ஊரின் தெற்கே, பழைய பெரிய வீடு வடக்கே. நான் போனபோது நடுவில் ட்ராலி மாதிரி ஒரு பஸ் ஓடியது. அப்போது பெரியவர்களுக்கு 15 டாலர் கட்டணம். குளிர்காலத்தில் வீடுகளுக்குள் சுற்றுலா கிடையாது. நேரமும் கட்டணமும் சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் பிறந்த வீடுகள். 75 அடி இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பழைய மரவீடுகள். ஒன்றில் 1735-ல் அப்பா பிறந்தார், மற்றதில் 1767-ல் மகன். தாழ்ந்த கூரை, குறுகலான படிகள், பெரிய கணப்பு அடுப்பு. உள்ளே இருக்கும் சாமான்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து மாதிரியில் பின்னால் செய்தவை. அதனால் சிலர் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மகன் பிறந்த வீட்டில்தான் அப்பாவின் வக்கீல் அலுவலகம் இருந்தது. வழக்குக்காக வருகிறவர்கள் வந்து போகத் தனிக் கதவு. 1779-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அரசியலமைப்பை ஜான் ஆடம்ஸ் எழுதியது இந்த அறையில்தான். 1780-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தையே விட மூத்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற அதன் முதல் பிரிவை வைத்துத்தான் 1783-ல், அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவாக் வாக்கரின் வழக்கில், இந்த மாநிலத்தில் அடிமைமுறைக்கு இடமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நான் வசிக்கும் மாநிலத்தின் சட்டம் பிறந்த அறை இவ்வளவு சின்னதா என்று அங்கே நின்று யோசித்தேன்.

இதே வீட்டில்தான் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் நான்கு பிள்ளைகளையும் பண்ணையையும் தனியாகப் பார்த்துக்கொண்டு, பிலடெல்பியாவில் காங்கிரஸில் உட்கார்ந்திருந்த கணவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். புதுச் சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று 1776 மார்ச்சில் எழுதியது அதில் ஒன்று. அதற்கு முந்தைய வருடம், பிரிட்டிஷ் படையோடு நடந்த பங்கர் ஹில் சண்டையின் புகையைப் பக்கத்தில் உள்ள பென்ஸ் ஹில் மேட்டிலிருந்து ஏழு வயது மகனுக்குக் காட்டியவரும் அவர்தான். அந்தப் பையன்தான் ஆறாவது அதிபர்.

சரி, பெரிய வீட்டுக்கு வருவோம். சுற்றுலாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பீஸ்ஃபீல்ட் என்று ஆடம்ஸ் பெயர் வைத்த இந்த வீட்டை, லண்டனில் தூதராக இருந்தபோதே, 1787-ல் வாங்கினார்கள். ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் இருந்துவிட்டு வந்த அபிகெயிலுக்கு இது குருவிக்கூடு போலப் பட்டது. பின்னாளில் அவரே முன்நின்று ஒரு பக்கம் கட்டிச் சேர்த்து வீட்டைப் பெரிதாக்கினார். இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்து நட்ட யார்க் ரோஜாச் செடியின் வம்சம் தோட்டத்தில் இன்னும் பூக்கிறது. நான்கு தலைமுறை ஆடம்ஸ்கள் 1927 வரை இங்கே வாழ்ந்தார்கள். 1946-ல் வீடு அரசுக்கு வந்தது. அதனால் இங்கே உள்ள நாற்காலி, படம், பாத்திரம் எல்லாம் அவர்கள் புழங்கிய அசல் சாமான்கள். மற்ற அதிபர் வீடுகளில் பல பொருட்கள் ஏலத்தில் போய், பின்னால் தேடிப்பிடித்துச் சேர்க்கப்பட்டவை. இங்கே அந்தக் குறை இல்லை.

ரேஞ்சர்கள் குடும்பக் கதையை அழகாகச் சொல்கிறார்கள். அரசியலை ஓரளவு படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு அறையும் இன்னும் அதிகம் பேசும். குறைந்தபட்சம் 1800, 1824 தேர்தல்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள். 1796-ல் ஆடம்ஸ் ஜெயித்ததே மூன்று தேர்வாளர் வாக்கு வித்தியாசத்தில்: அவருக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. அப்போதைய விதிப்படி இரண்டாவதாக வந்த எதிர்க்கட்சிக்காரரே துணை அதிபர் ஆனார். பிரான்ஸோடு கடலில் மோதல் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய சொந்த ஃபெடரலிஸ்ட் கட்சியில் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனின் அணி போரையும் பெரிய ராணுவத்தையும் விரும்பியது. ஆடம்ஸ் 1799-ல் கட்சித் தலைவர்களைக் கேட்காமலே சமாதானத் தூது அனுப்பினார். கட்சி இரண்டாக உடைந்தது. 1800 செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் அந்தச் செய்தி கப்பலேறி வந்து சேர்வதற்குள் தேர்தல் கைவிட்டுப் போய்விட்டது. ஜெஃபர்சனுக்கும் அவரோடு அதே கட்சியில் நின்ற பர்ருக்கும் தலா 73, ஆடம்ஸுக்கு 65. அரசை விமர்சித்துப் பத்திரிகையில் எழுதினால் சிறை என்ற 1798 தேசத்துரோகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. தோல்விக்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் வேண்டாத ஒரு போரைத் தடுத்ததற்காகத் தன் பதவியை விலையாகக் கொடுத்தவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. பிரான்ஸோடு சமாதானம் செய்த பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் என்பதைத் தவிர வேறெதுவும் தன் கல்லறையில் எழுத வேண்டாம் என்று பின்னாளில் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார்.

மாடியில் அவருடைய படிப்பறை. 1801 மார்ச் 4 விடியற்காலை நான்கு மணிக்கு, ஜெஃபர்சன் பதவியேற்கும் விழாவுக்கு நிற்காமல் வாஷிங்டனை விட்டுக் கிளம்பியவர், அதன்பின் கால் நூற்றாண்டு இந்த வீட்டில்தான் கழித்தார். இருவருக்கும் பேச்சே இல்லை. இருவருக்கும் நண்பரான டாக்டர் பெஞ்சமின் ரஷ் விடாமல் தூது போய், 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதல் கடிதத்தை எழுதினார். அடுத்த 14 ஆண்டுகளில் இருவருக்கும் இடையே 158 கடிதங்கள் போய் வந்தன. ஜெஃபர்சன் ஒன்று எழுதினால் இவர் இரண்டு எழுதுவார். படிப்பறையில் இருக்கும் கைவைத்த நாற்காலியைப் பாருங்கள். 1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாள். இந்த அறையில்தான் அவருக்கு உடல்நிலை மோசமானது. அன்று மாலை இறந்தார், வயது 90. மான்டிசெல்லோவில் ஜெஃபர்சன் அன்று மதியமே இறந்திருந்தார். அது இவருக்குத் தெரியாது. அப்போது அதிபராக வாஷிங்டனில் இருந்தது இவருடைய மகன்.

என்னோடு வந்திருந்த சித்தப்பா ஊரில் தேர்தல் வந்தால் தொகுதிவாரியாக வாக்குகளை நோட்டில் குறித்து வைப்பவர். 1824 தேர்தலைச் சொன்னபோது அங்கேயே நின்றுவிட்டார். தேர்வாளர் வாக்கில் ஜாக்சன் 99, குவின்சி ஆடம்ஸ் 84, க்ராஃபோர்ட் 41, க்ளே 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று போட்டு, 13 மாநிலங்களின் ஆதரவோடு இரண்டாவதாக வந்த ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் அவர், சபையில் தனக்கு ஆதரவு தந்த க்ளேயை வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். பேரம் பேசிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நான்கு ஆண்டும் துரத்தியது. 1828-ல் ஜாக்சன் 178, இவர் 83.

“அப்புறம் என்னப்பா பண்ணினார், வீட்டில் உட்கார்ந்துட்டாரா?” என்றார் சித்தப்பா.

“இல்லை சித்தப்பா, எம்.பி. தேர்தலில் நின்றார்.”

“அதிபரா இருந்தவரா?”

ஆமாம், அதிபராக இருந்தவர்தான். முன்னாள் அதிபர் பிரதிநிதிகள் சபையில் உட்காருவதில் என்ன இழிவு, ஊர் நிர்வாகப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தால் அதிலும்தான் இழிவில்லை என்று சொன்ன மனிதர். 1831-ல் சபைக்குப் போனவர் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைச் சபையில் விவாதிக்கவே கூடாது என்று 1836-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். எட்டு ஆண்டுகள் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் அதை எதிர்த்து நின்றார். கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து பார்த்தார்கள், அசையவில்லை. 1844 டிசம்பரில் அந்த விதி 108-க்கு 80 என்ற வாக்கில் விழுந்தது. நடுவில் 1841-ல், 73 வயதில், கடத்தப்பட்டு ஆமிஸ்டாட் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை ஆனார்கள். நன்றியாக அவர்கள் கொடுத்த பைபிள் இந்தப் பூங்காவின் சேகரிப்பில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளைவிட இந்தப் பதினேழு ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான அரசியல் வாழ்க்கை.

வீட்டை ஒட்டித் தோட்டத்தில் கல் நூலகம் ஒன்று நிற்கிறது. புத்தகங்களும் குடும்பக் காகிதங்களும் தீயில் போய்விடக் கூடாது, தனியாக ஒரு கட்டடம் வேண்டும் என்று குவின்சி ஆடம்ஸ் உயிலில் எழுதி வைத்தார். அவருடைய மகன் கட்டி முடித்தார். தரையிலிருந்து கூரைவரை 12,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள், பல மொழிகளில். பன்னிரண்டு வயதில் தொடங்கி 51 தொகுதிகளாக வளர்ந்த அவருடைய நாட்குறிப்பு இப்போது பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நூலகத்துக்குச் சுற்றுலாவின் கடைசியில்தான் போவோம். குழுவோடு நகர வேண்டும் என்பதால், கேட்க நினைக்கும் கேள்விகளை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா மாளிகைகளில் எதைப் பார்த்தாலும், இதைக் கட்டியது யார், வயலில் உழைத்தது யார் என்ற கேள்வி கூடவே வரும். நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். முதல் ஆறு பேரில் அடிமைகளே வைத்துக்கொள்ளாதவர்கள் இந்த இருவர் மட்டும்தான். பீஸ்ஃபீல்டைப் பார்க்கும்போது அந்த உறுத்தல் இல்லாமல் பார்க்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மாடிப்படிகள் குறுகல் என்பதை நினைவில் வையுங்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு உள்ளே பொறுமை இருக்காது. தோட்டம் அவர்களுக்குப் பிடிக்கும். அரை நாள் கண்டிப்பாக ஒதுக்குங்கள்.

திரும்பும்போது குவின்சி சென்டரில், ஸ்டேஷனுக்கு அருகிலேயே 1828-ல் கட்டி முடிக்கப்பட்ட கருங்கல் தேவாலயம் இருக்கிறது. அது பூங்காவைச் சேர்ந்தது இல்லை, அதன் நேரம் தனி. அடித்தளத்தில் ஜான், அபிகெயில், ஜான் குவின்சி, அவர் மனைவி லூயிசா கேதரின் நான்கு பேரும் கல் பேழைகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பிரான்ஸ் சமாதானத்தைப் பற்றி ஆடம்ஸ் கேட்ட அந்த வாசகம் அவர் பேழையில் இல்லை. தேவாலயத்தில் சுற்றிக்காட்டுபவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், ஆர்வத்தோடு பேசுவார்கள்.