இசானில் வீட்டுச் சோறு: ஒட்டரிசியா, ஹோம் மாலியா?

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானில் புதிதாகக் குடியேறுபவர்கள் கடை வாசலில் நின்று குழம்புவது இதில்தான்.

வேலை: ஹோம் மாலி எனும் மணமுள்ள மல்லிகை அரிசியை ரைஸ் குக்கரில் போட்டால் அரைமணியில் சோறு. ஒட்டரிசியை முதல்நாள் இரவே ஊறவைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் பட்டினிதான்.

செலவு: பெரிய வித்தியாசமில்லை. சமைக்கச் சோம்பலென்றால் தெருக்கடையில் 10 பாத்துக்கு ஒரு பை ஒட்டரிசி.

தாங்குதல்: இங்கே ஒட்டரிசிதான் ராஜா. ‘கிரதிப்’ எனும் மூடி போட்ட மூங்கில் கூடையில் வைத்தால் காலையில் வைத்தது மதியமும் மெத்தென்றிருக்கும். நாற்றுநட வயலுக்குப் போகிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவது அதையே. மிஞ்சியதைத் தட்டி, முட்டை தடவிக் கரியில் சுட்டால் ‘காவ் ஜீ’. ஹோம் மாலி மிஞ்சினால் மறுநாள் வறுத்த சோறு, அவ்வளவே.

துணை: சோம் தாம் (பச்சைப் பப்பாளி சாலட்), லாப் (கொத்திய இறைச்சி சாலட்), சுட்ட கோழி இருந்தால் ஒட்டரிசியைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடலாம். ரசம் ஊற்றினால் கட்டியாக மிதக்கும், நான் பட்டுவிட்டேன்.

ரசம், சாம்பார் விடாதவர்களுக்கு ஹோம் மாலி. அக்கம்பக்கத்தாரோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒட்டரிசி.