இதய நோயாளிக்குக் கேர் பிளான் எழுத நாண்டா புத்தகம் எவ்வளவு கைகொடுக்கும்?

பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளோடு கார்டியாலஜி வார்டில் நிற்கிற கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் நான். நாண்டா இன்டர்நேஷனல் அமைப்பின் நர்சிங் டயக்னோசிஸ் (நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளியின் பிரச்சினைகளுக்கான பெயர்கள்) தொகுப்பு, 2021–2023 பதிப்பு, எப்போதும் என் பையில் இருக்கும். ஹெர்ட்மேன், கமிட்சுரு, லோபெஸ் மூவரும் பதிப்பாசிரியர்கள், வெளியீடு தீமே. மொத்தம் 267 டயக்னோசிஸ். ஒவ்வொரு பேட்ச் பிள்ளைகளும் "இதை வாங்கலாமா மேடம்?" என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். இதய நோயாளியை வைத்துக்கொண்டு கேர் பிளான், அதாவது பராமரிப்புத் திட்டம் எழுத இதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கென்று இதில் தனி அத்தியாயம் கிடையாது. 13 டொமைன்களாக, அதாவது பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதுவும் உறுப்பு வாரியாக இல்லை. இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதற்கான டிகிரீஸ்டு கார்டியாக் அவுட்புட் நான்காவது டொமைனில், ஆக்டிவிட்டி–ரெஸ்ட் தலைப்பின் கீழ் இருக்கிறது. உடம்பில் நீர் கோத்திருப்பதற்கான எக்சஸ் ஃப்ளூயிட் வால்யூம் இரண்டாவதில், நியூட்ரிஷனோடு. நுரையீரலில் வாயுப் பரிமாற்றம் குறைவதற்கான இம்பெய்டு கேஸ் எக்ஸ்சேஞ்ச் மூன்றாவதில், பதற்றம் ஒன்பதாவதில், வலி பன்னிரண்டாவதில். ஒரே ஒரு ஹார்ட் ஃபெயிலியர் (இதயச் செயலிழப்பு) நோயாளிக்காகப் புத்தகத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் புரட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இங்கேதான் சோர்ந்துபோய் சீனியர் எழுதிய கேர் பிளான் ரெக்கார்டைக் கடன் வாங்கிவிடுகிறார்கள்.

அந்த ரெக்கார்டில் என்ன இருக்கும்? முதல் வரி பெரும்பாலும் "டிகிரீஸ்டு கார்டியாக் அவுட்புட் ரிலேட்டட் டு மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்" என்றுதான் இருக்கும். ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் ரெடிமேட் நோட்டுகளிலும் இதே கதைதான். மாரடைப்பைக் காரணமாக எழுதிவிடுகிறார்கள். அதை நர்ஸ் எப்படி மாற்ற முடியும்? அது டாக்டரின் டயக்னோசிஸ். 2018–2020 பதிப்பிலிருந்து நாண்டா இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. நோய், அறுவை சிகிச்சை போல நர்ஸ் தானாக மாற்ற முடியாதவை எல்லாம் அசோசியேட்டட் கண்டிஷன்ஸ் பகுதிக்குப் போய்விட்டன. நாம் கைவைத்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் மட்டும் ரிலேட்டட் ஃபேக்டர்ஸ் பகுதியில் நிற்கின்றன. இந்தப் புத்தகத்துக்குக் கொடுக்கிற காசு இந்த ஒரு பிரிவினைக்கே தகும் என்பேன்.

ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். விவசாயி, அறுபதை நெருங்கியவர். எக்கோ ஸ்கேனில், ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறையிலுள்ள இரத்தத்தில் வெளியே தள்ளப்படும் பங்கான எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 30 சதவீதம். இரண்டு காலும் முழங்கால் வரை வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது. ஒரே வாரத்தில் எடை 4 கிலோ ஏறியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாணவி வழக்கம்போல டிகிரீஸ்டு கார்டியாக் அவுட்புட் என்று முதலில் எழுதிக்கொண்டு வந்தாள். புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வீக்கம், எடை ஏறுதல், படுத்தால் மூச்சு முட்டுதல் எல்லாம் அந்தப் பக்கத்திலும் இருக்கின்றன, எக்சஸ் ஃப்ளூயிட் வால்யூம் பக்கத்திலும் இருக்கின்றன. அறிகுறிகளுக்கு டிக் அடித்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்தும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய குழப்பம். புத்தகம் இதை அவிழ்த்துக் காட்டுவதில்லை.

நோயாளி பக்கத்தில் போய்த்தான் அவிழ்க்க வேண்டும். "அவர் கையைத் தொட்டுப் பாரும்மா" என்றேன். கை கதகதப்பாக இருந்தது. நாடி நன்றாகப் பிடிபட்டது. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் உடனே திரும்பியது. பிபி 118/76. பேச்சில் தடுமாற்றம் இல்லை. நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசிக்குப் பிறகு சிறுநீரும் நன்றாகப் போகிறது. இரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகள் தவிக்கும் நிலை இது இல்லை. இப்போதைக்கு அவரைப் பாடாய்ப் படுத்துவது தேங்கிய நீர்தான்.

அப்புறம் காரணம். அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தோம். கருவாடோ ஊறுகாயோ இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காதாம். சந்தைக்குப் பஸ்ஸில் போகிற நாளில் வழியில் சிறுநீர் அவசரமாக வந்துவிடும் என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவாராம். கேஸ் ஷீட்டில் இது எங்கும் இல்லை. நாண்டாவின் ரிலேட்டட் ஃபேக்டர்ஸ் பட்டியலில் அதிக உப்பு, மருந்தைச் சரியாகக் கையாளாமை இரண்டும் அப்படியே இருக்கின்றன. "எக்சஸ் ஃப்ளூயிட் வால்யூம்" என்று முதல் வரியில் எழுதி, இந்த இரண்டையும் காரணமாகவும் வீக்கத்தையும் எடையையும் ஆதாரமாகவும் சேர்த்ததும் அவளுக்கே அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில் எடை. குடித்தது, போனது இரண்டுக்கும் கணக்கு. சந்தை நாளில் மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்பது. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே வந்து காட்டச் சொல்வது.

கார்டியாக் அவுட்புட்டை மறந்துவிடச் சொல்லவில்லை. மதியம் கை ஜில்லென்று ஆகி, பிபி இறங்கி, சிறுநீர் குறைந்தால் அதுதான் முதல் இடத்துக்கு வரும். காலையில் எழுதிய வரிசையை மாலை வரை அப்படியே வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

மாரடைப்பு நோயாளிக்கு வரிசையே வேறு. நெஞ்சுவலி இருந்தால் அக்யூட் பெயின் மேலே போகும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் ரிஸ்க் ஃபார் பிளீடிங் (இரத்தக்கசிவு அபாயம்) கட்டாயம் வேண்டும். இவற்றைப் பிள்ளைகள் தவறவிடுவதில்லை. தவறவிடுவது ரிஸ்க் ஃபார் கான்ஸ்டிபேஷன், அதாவது மலச்சிக்கல் அபாயம். படுக்கையை விட்டு எழக் கூடாது, வலிக்கு மார்ஃபின், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்க பெட்பேனில் உட்காரக் கூச்சம். அடக்கி வைத்து, பிறகு மூச்சைப் பிடித்து முக்கினால் பிபியும் இதயத் துடிப்பும் தாறுமாறாகும். ஸ்க்ரீன் போடுவதும், மலம் இளகும் மருந்து எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். என்ன செய்ய வேண்டும் என்ற இன்டர்வென்ஷன் பகுதி இதில் கிடையாது, அதற்கு என்ஐசி (நர்சிங் இன்டர்வென்ஷன்ஸ் கிளாசிஃபிகேஷன்) தொகுப்பு தனி. எதை முதலில் வைப்பது என்றும் இது சொல்லாது.

2024–2026 பதிப்பும் வந்துவிட்டது, அதில் 277 டயக்னோசிஸ். புதிதாகக் காசு போடுவதென்றால் அதையே வாங்குங்கள். ஆனால் உங்கள் கல்லூரியில் எந்தப் பதிப்பை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஆக்டிவிட்டி இன்டாலரன்ஸ் (உடல் உழைப்பைத் தாங்க முடியாமை) என்று நாம் படித்தது 2021 பதிப்பிலேயே டிகிரீஸ்டு ஆக்டிவிட்டி டாலரன்ஸ் ஆகிவிட்டது, பழைய பெயரையே எதிர்பார்க்கும் எக்ஸாமினர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பதிப்பானாலும், கார்டியாக் வார்டுக்கு அடிக்கடி தேவைப்படும் பக்கங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள். ரவுண்ட்ஸ் நடுவில் 13 டொமைனையும் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.