மதிய வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்க: பேட்டரியா, மலைமேல் தண்ணீரா?

சோலார், காற்றாலை பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கடைசியில் வந்து முட்டுவது ஒரே இடத்தில்தான்: பொழுது சாய்ந்ததும் என்ன செய்வது? பேனல் விலை குறைந்தது பழைய செய்தி. மதியம் மிஞ்சுகிற மின்சாரத்தை எதில் பிடித்து வைப்பது என்பதுதான் இப்போதைய தலைவலி. பெரிய அளவில் களத்தில் நிற்பவை இரண்டு. ஒன்று லித்தியம் பேட்டரி. இன்னொன்று, மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது டர்பைன் வழியாக இறக்குகிற நீரேற்று மின்நிலையம்.

கட்டி முடிக்கிற வேகத்தில் பேட்டரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க கரண்ட் போனது. அடுத்த ஆண்டே அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்துவிட்டது. 100 நாளில் முடிக்காவிட்டால் காசே வேண்டாம் என்று எலான் மஸ்க் சவால் விட்டார், முடித்தும் காட்டினார்கள். அதே நாட்டின் ஸ்னோவி 2.0 நீரேற்றுத் திட்டத்தைப் பாருங்கள். 2017-ல் 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றார்கள், 2023-ல் அது 1,200 கோடி ஆனது. சுரங்கம் தோண்டப் போன ராட்சத இயந்திரம் இளகிய மண்ணில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. மலைக்குள் என்ன இருக்கிறது என்று மலைக்குத்தான் தெரியும்.

சரி, பேட்டரியே போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். ஹார்ன்ஸ்டேல் தொடக்கத்தில் பிடித்தது 1.29 லட்சம் யூனிட். முழு வேகத்தில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. ஸ்னோவி 2.0 பிடிக்கப்போவதோ 35 கோடி யூனிட், 2,200 மெகாவாட் வீதம் ஆறு நாளுக்கு மேல் வரும். இந்த இரண்டையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது குடத்தையும் ஏரியையும் ஒப்பிடுகிற மாதிரி.

ஆனால் ஏரி என்றால் ஏரிதான். 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினாலும் அதில் சேர்வது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஒரு இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரத்தில் தின்றுவிடும். அதனால்தான் நல்ல உயரமும் வேண்டும், மேலேயும் கீழேயும் பெரிய நீர்த்தேக்கமும் வேண்டும். அப்படி வாகாக அமைந்த மலைகளில் பெரும்பாலும் காடும் மனிதர்களும் ஏற்கெனவே இருப்பார்கள்.

போட்ட மின்சாரத்தில் பேட்டரி 85 முதல் 90 சதவீதம் வரை திருப்பித் தரும், தண்ணீர் 70 முதல் 80. ஆயுளில் கதை தலைகீழ். பேட்டரி பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும். அமெரிக்காவின் பாத் கவுண்டி நீரேற்று நிலையம் 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பயம் இரண்டிலும் உண்டு. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் பற்றி எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2005 டிசம்பரில் அமெரிக்காவின் மிசூரியில் டாம் சாக் நீரேற்று நிலையத்தின் மேல் நீர்த்தேக்கம் அளவுக்கு மீறி நிரம்பி உடைந்தது. பேட்டரிக்காரர்கள் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைந்த இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறிவருவது கொஞ்சம் ஆறுதல்.

நான் எந்தப் பக்கம் என்றால், மாலையில் நாலு மணி நேரத்துக்குத் தேவைப்படும் மின்சாரத்துக்காக இனி மலையைக் குடைய வேண்டாம், பேட்டரி போதும். காற்றும் வெயிலும் சேர்ந்தாற்போல் நாலு நாள் காலை வாரிவிட்டால் அதற்குத்தான் தண்ணீர், அதுவும் ஏற்கெனவே இருக்கிற இரண்டு அணைகளை இணைக்க முடிகிற இடத்தில் மட்டும். ஸ்னோவி 2.0-வும் அப்படி இரண்டு பழைய அணைகளை இணைக்கிற திட்டம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.