கிளிநொச்சியில் வீடு வாங்குவோருக்கான பரிசோதனைச் சேவை: எங்கள் மதிப்பீடு

கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், வீடு வாங்க விரும்புவோருக்காக அவ்வீட்டை நேரிற் சென்று பரிசோதித்து, எழுத்தில் அறிக்கை தருகிறார். பரந்தனுக்கு அண்மையில் நாங்கள் பார்த்த வீட்டுக்கு அவரை அழைத்தோம். கட்டடத்தை அறிவதில் அவருடைய நுணுக்கம், வாங்கிய கட்டணத்துக்கு மிக மேலானது. காணி ஆவணங்களைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல முடியாது.

போருக்குப் பின் வன்னியில் திருத்தப்பட்ட வீடுகள் பல, கூரையை இழந்து ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்த சுவர்களின் மேல் எழுந்தவை என்பதால், புதுப் பூச்சையும் புதுக் கூரை ஓடுகளையும் அவர் பொருட்படுத்தவில்லை. சுவரை அடி முதல் நுனி வரை தட்டி, பூச்சு சுவரைவிட்டுக் கழன்ற இடங்களை ஒலியாலேயே கண்டு குறித்தார். யன்னலுக்கு மேலுள்ள லிண்டல் என்னும் கொங்கிறீற்று விட்டத்தின் அடியில் மயிரிழையாக ஓடிய வெடிப்பைச் சுரண்டியபோது, உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. அவ்வாறு பருக்கும் கம்பியே கொங்கிறீற்றைப் பிளப்பதால், மேலே பூசி மறைப்பதில் பயனில்லை என்றும், உடைத்து மீள வார்க்க வேண்டும் என்றும் எழுதினார். வயற்காணியை நிரப்பிக் கட்டிய வீடுகளில் சுவர் மூலையிலிருந்து சரிவாக இறங்கும் வெடிப்பு இருந்தால், கோடையிற் சுருங்கி மாரியில் வீங்கும் களிமண்ணால் அத்திவாரம் அசைந்திருக்கலாம் என்பதையும் பொறுமையாக விளக்கினார். இங்கு அத்தகைய வெடிப்பு இல்லை.

கூரை மரங்களிற் கறையானைத் தேடினார். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை அளந்தார். 2018 டிசம்பர் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை அயலவரிடம் அவரே கேட்டறிந்தது எங்களுக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. கிணறு மாரியில் நிரம்பியிருப்பதைக் கண்டு முடிவெடுக்காமல், ஆவணி, புரட்டாதியில் நீரின் அளவையும் சுவையையும் பார்க்கும்படியும் சொன்னார்.

ஆனால், காணிக்குப் 'போமிற்' (அரச காணி அனுமதிப் பத்திரம்) இருக்கிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டது பெருங்குறை. வட்டக்கச்சி, உருத்திரபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, உறுதி எழுதப்பட்ட தனியார் காணியைப்போல விற்க முடியாது. பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அனுமதியின்றி வாங்கிய வீடு வாங்கியவருக்குச் சட்டப்படி உரித்தாகாது. ஆகவே பிரதேச செயலகக் காணிக் கிளையில் விசாரிப்பதையும், சட்டத்தரணியைக்கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுவதையும் நாங்கள் தனியே செய்ய வேண்டியிருந்தது.

முற்பணம் கொடுக்கும் முன்பே இவரை அழையுங்கள். அறிக்கையோடு அவர் தரும் திருத்தச் செலவு மதிப்பீட்டை விற்பவரின் முன் வைத்தே நாங்கள் விலை பேசினோம்.