பிஸ்டல் பிடி, பிரெஞ்சுப் பிடி, மறுபடி பிஸ்டல்: நாலு வருட எப்பே அனுபவம்

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி சேபர் வாளோடு இறங்கியதைப் பார்த்துவிட்டு, வாள்வீச்சு வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கோவையில் ஓர் உள்ளரங்கத்தில் கொண்டுபோய் விட்டேன். அவள் ஆடி முடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியவள், 2022 தொடக்கத்தில் நானும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 37. அவள் சேபர், நான் எப்பே; ஃபாயிலையும் சேர்த்து வாள்வீச்சில் மூன்று வகை வாள். சேபரில் பிடியைத் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தலைவலியெல்லாம் ஃபாயில், எப்பே ஆட்களுக்குத்தான்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பிடி என்பது லேசாக வளைந்த நீளக் கைப்பிடி, கடைசியில் பொம்மல் என்ற உலோகக் குண்டு. பிஸ்டல் பிடி துப்பாக்கிக் கைப்பிடி மாதிரி, விரல்களுக்கு இடையில் முட்டிக்கொண்டு நிற்கும் கொம்புகளோடு இருக்கும். விஸ்கோன்டி, பெல்ஜியன் என்று அதிலேயே பல ரகம், ஒவ்வொன்றிலும் பல அளவு. பிரெஞ்சில் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பிடிக்கலாம். பிஸ்டலில் முடியாது. கைக்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கவேண்டும், கட்டைவிரல் நுனி, கையை மறைக்கும் உலோகக் கிண்ணத்தின் உட்பக்கத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது.

என் முதல் வாள் மீடியம் அளவு விஸ்கோன்டி பிடியோடு பூட்டியே வந்தது. கிளப்பில் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள், நானும் வாங்கினேன். யோசித்து எடுத்த முடிவு என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

முதல் ஆறு மாதம் சொர்க்கம். எப்பே வாள் 770 கிராம் வரை இருக்கலாம், என்னுடையது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தூக்காத கைக்கு அது கனம். பிஸ்டல் பிடியில் அந்தக் கனம் உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிராளி பிளேடைத் தட்டினாலும் வாள் கையை விட்டுப் போகாது. பேரி, அதாவது பிளேடால் தடுப்பு, போட்டால் 'டங்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் நன்றாகத் தடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாயின்ட் வரவில்லை. தடுப்பேன், பதிலுக்குக் குத்துவதற்குள் மறுபடி குத்து வாங்குவேன். எப்பேயில் இது இன்னும் கொடுமை. உடம்பு முழுக்க இலக்கு, தாக்கும் உரிமை யாருக்கு என்ற பஞ்சாயத்தே கிடையாது. இரண்டு பேர் குத்தும் 25இல் ஒரு பங்கு நொடிக்குள் விழுந்தால் இரண்டு விளக்கும் எரியும், ஆளுக்கொரு பாயின்ட். தடுத்துவிட்டோம் என்று மூச்சுவிட நேரமில்லை.

எங்கள் மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "அக்கா, பேரி போட்டுட்டு அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றார். நின்றேன். "இப்ப உங்க வாள்முனை எங்க இருக்குதுன்னு பாருங்க." பார்த்தேன். அவருடைய இடது தோளுக்கும் அப்பால், சுவரோரம் வைத்திருந்த தண்ணீர் கேனைக் காட்டிக்கொண்டிருந்தது. "நான் இங்க நிக்கறனுங்க்கா. நீங்க கேனைக் குத்தப் போறீங்க."

உள்பக்கம் மேலே தடுக்கும் நாலாம் நம்பர் பேரியில் கை நகர வேண்டிய தூரம் ஓர் உள்ளங்கை அகலம். எப்பேயின் கிண்ணம் 13.5 செ.மீ. விட்டம் வரை இருக்கலாம், பாதி வேலையை அதுவே செய்துவிடும். நானோ முழங்கையிலிருந்து கதவைச் சாத்துகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, எதிராளி கை நீட்ட ஆரம்பித்ததுமே வீசிவிடுவேன். பதினாறு வயதுப் பையன்கள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? முனையை என் பிளேடுக்கு அடியில் ஒரு சுற்று விட்டு, திறந்து கிடக்கும் முன்கையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

"பிடியை மாத்தினாச் சரியாகுமா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஒரு வருசம் பிரெஞ்சு புடிச்சுப் பாருங்க" என்றார்.

இங்கே ஒரு சிக்கல், இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. பிளேடின் வால்பகுதி, அதாவது பிடிக்குள் போகும் கம்பி, பிரெஞ்சுப் பிடிக்கு நீளமாக இருக்கவேண்டும். பிஸ்டலுக்கு அதை அறுத்துக் குட்டையாக்கிவிடுவார்கள். அறுத்த பிளேடில் பிரெஞ்சுப் பிடி ஏறாது. அதனால் எனக்குப் புது பிளேடே வாங்க வேண்டியதாயிற்று. முடிவு செய்யாமல் இருப்பவர்கள், முதல் பிளேடை அறுக்காமல் வாங்கிப் பிரெஞ்சில் தொடங்குங்கள். அங்கிருந்து பிஸ்டலுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், திரும்பிப் போகத்தான் வழியில்லை.

பிரெஞ்சுப் பிடியோடு பதினான்கு மாதம் ஆடினேன். முதல் இரண்டு மாதம் நரகம். சாயங்காலம் முன்கை வலியில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், வியர்வையில் நனைந்த கையுறைக்குள் ரப்பர் பிடி வழுக்கும். யாராவது ஓங்கித் தட்டினால் வாள் கையைவிட்டுத் தெறிக்கும். ஒருமுறை ஒரு பையனின் காலடியில் போய் விழுந்தது. அவன் எடுத்துக்கொடுத்து "பரவால்லீங்க ஆன்ட்டி" என்றதுதான் அதிகம் வலித்தது.

மூன்றாவது மாதம் ஒன்று பிடிபட்டது. நான் பிறந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில், வீட்டில் இரண்டு எருமை. பால் கறக்கும்போது காம்பை மொத்தமாக அமுக்கினால் பால் வராது, எருமை உதைக்கும். மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துக்கொள்ள, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூடவேண்டும். பிரெஞ்சுப் பிடியும் அதேதான். முதல் இரண்டு விரல் வாளைத் தாங்கித் திசை காட்டும், மற்ற மூன்றும் தளர்ந்திருந்து தேவைப்படும் நொடியில் மட்டும் மூடும். மூடினால் முனை நகரும், திறந்தால் திரும்பி வரும். முழங்கைக்கு அங்கே வேலையே இல்லை. இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் டவுன் பிள்ளை, எருமை கறந்ததில்லை. ஆனாலும் இப்போது புதிதாக வருபவர்களிடம் "அந்த அக்காகிட்ட எருமைக் கதையைக் கேளுங்க" என்று அனுப்புகிறார்.

பிரெஞ்சுப் பிடியை வைத்துக்கொண்டு பலத்தில் தடுக்க முடியாது. அதுதான் அதன் குறை, எனக்குக் கிடைத்த நன்மையும் அதுதான். பிஸ்டலில் பிளேடின் நடுவில் வாங்கினாலும் முரட்டுத்தனமாகத் தள்ளிவிடலாம். பிரெஞ்சில் என் பிளேடின் அடிப்பகுதி, கிண்ணத்தை ஒட்டிய கெட்டியான பாகம், எதிராளியின் முனைப்பக்கத்தைச் சந்தித்தால்தான் அது நகரும். அதற்கு அவர் முனை உள்ளே வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஒரு துணிச்சல் வேண்டும். குத்து வருகிறது, வருகிறது, இன்னும் வருகிறது, இப்போது. பயத்தில் நான் முன்கூட்டியே போட்டுக்கொண்டிருந்த பேரி இப்படித்தான் குறைந்தது.

வீட்டில் செய்த பயிற்சியையும் சொல்கிறேன். வாசல் நிலைக்கு நடுவில் நின்றுகொண்டு, வாள் நீளத்துக்கு வெட்டிய மூங்கில் குச்சியால் உள்பக்கத்துக்கு நாலாம் நம்பர் பேரியும் வெளிப்பக்கத்துக்கு ஆறாம் நம்பர் பேரியும் மாற்றி மாற்றிப் போடுவது. குச்சி நிலையில் தட்டக்கூடாது, அவ்வளவுதான். முதல் வாரம் தட்டாத நாளே இல்லை. மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சின்ன வயதில் சிலம்பம் கற்றவர். "இறுக்கிப் புடிச்சா மணிக்கட்டுப் போயிரும் சாமி. கம்பு கையில இருக்குதுன்னு கம்புக்கே தெரியக்கூடாது" என்பார். வேறு ஆயுதம், வேறு விதி, ஆனால் மணிக்கட்டு ஒன்றுதானே.

பொம்மலுக்குப் பக்கத்தில் கடைசியில் பிடித்து ஆடும் முறையையும் முயன்றேன். வாள் சில சென்டிமீட்டர் கூடுதல் தூரம் எட்டும். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், அதனால் ஆசை. ஆனால் அப்படிப் பிடித்தால் தடுப்பை மறந்துவிட வேண்டும், நெம்புகோல் பலம் முழுக்கப் போய்விடும். தூரத்தை வைத்தும், எதிராளி வரும்போதே கையில் குத்தியும்தான் பிழைக்கவேண்டும். நெட்டையான, கால் வேகம் உள்ளவர்களுக்கு அது வரம். எனக்குச் சரிப்படவில்லை.

2023 கடைசியில் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் ஒரு வலி வந்து போக மறுத்தது. பிசியோ பார்த்தவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார், பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தார். நான் பிடியை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். இடையில் இரண்டு மாதம் கடன் வாங்கிய பெல்ஜியன் பிடி. உருண்டையானது, உள்ளங்கையை நிறைக்கும். என் கைக்கு நிறைந்ததற்கும் மேலே போய்விட்டது. அதைப் பிடித்தால் கை தானாகவே முஷ்டியாகிவிடும், பழைய கதவுச் சாத்தல் திரும்பிவந்தது.

அப்போதுதான் முதல் மீடியம் விஸ்கோன்டியை எடுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் கணு, கிண்ணத்துக்குள், விளக்கு எரிவதற்கான வயர் செருகும் சாக்கெட்டில் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கையுறையில் அந்த இடம் மட்டும் தேய்ந்து நைந்திருந்தது. சுண்டுவிரலோ கொம்புக்கு எட்டவே இல்லை, காற்றில் தொங்கியிருக்கிறது. முதல் வருடம் நான் கஷ்டப்பட்டதில் பாதி, அளவு தப்பியதால். ஸ்மால் விஸ்கோன்டி வாங்கினேன். கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பார்க்காமல் பிஸ்டல் பிடி வாங்காதீர்கள். வெறுங்கையில் சரியாக இருப்பது கையுறையோடு இறுக்கும்.

இதற்குள் பழைய பிளேடு ஒடிந்துபோய்விட்டது. அதனால் பிரெஞ்சு பிளேடின் வாலை அறுக்கவேண்டும். நான் பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவள், லேத் பட்டறைக்கா பஞ்சம்? கோவை கணபதிப் பகுதியில் எங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் பெரியவரிடம் எடுத்துப்போனேன். அவர் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு சரியாப் பாத்தியா கண்ணு? ஒருக்கா அறுத்துட்டா ஒட்டறதுக்கில்ல" என்றார். பார்த்தேன் என்றேன். பார்த்தது பெல்ஜியன் பிடியில். விஸ்கோன்டியில் நட்டு உட்காரும் இடம் கிண்ணத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் என்று தோராயமாக நினைத்துக்கொண்டேன். அறுத்து, 6 மி.மீ. டை போட்டு மரை எடுத்து, பிடியை ஏற்றினால் நட்டு இரண்டு சுற்றுத்தான் பிடிக்கிறது. கம்பெனியில் அரை மில்லிமீட்டர் பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவள் நான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், ஒரு துண்டு ராடு எடுத்துக் கடைந்து நீளமான குழாய் நட்டு ஒன்று செய்து, தலையில் ஆலன் கீ போகும்படி குழி வைத்துக்கொடுத்தார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. காசு வாங்கவில்லை. அடுத்த முறை பிடியையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்.

ஸ்மால் விஸ்கோன்டியோடு ஆடும்போது, பிரெஞ்சில் படித்த விரல் வேலை அப்படியே கூட வந்தது. மூன்று விரல் தளர்வு, கடைசி நொடியில் மூடல். 'டங்' சத்தம் போய், பிளேடோடு பிளேடு உரசும் சத்தம் வருகிறது. வெளிப்பக்கம் மேலே தடுக்கும் ஆறாம் நம்பர் இப்போது என் முதல் பேரி. அதில் கை நகர்வதே இல்லை, முன்கை கொஞ்சம் திரும்பும், முனை எதிராளி மேலேயே இருக்கும். தடுத்த பிளேடை விட்டுவிடாமல் அதன்மேல் சறுக்கிக்கொண்டே போய்க் குத்துகிறேன். அப்போது அவர் மறுகுத்துக்கு வழியிருக்காது. உள்ளே வரும் குத்துக்கும் முனையால் ஒரு சின்ன வட்டம் போட்டு ஆறுக்கே கொண்டுவந்துவிடுவேன். நாலாம் நம்பரைக் குறைத்துவிட்டேன். எப்பேயில் அது முன்கையைத் திறந்து காட்டும் பேரி, கடைசிக்கு மட்டும்.

சில்லறை விஷயங்கள்: அலுமினியப் பிடியின் பெயின்ட் ஒன்றரை வருடத்தில் உரிந்தது, பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். இரண்டு சுற்றுச் சுற்றினால் ஸ்மால், மீடியம் ஆகிவிடும். ஆடி முடித்ததும் வாளைக் கையுறையோடு பைக்குள் திணிக்காதீர்கள், வியர்வையில் நட்டு துருப்பிடித்துப் பிறகு கழற்ற வராது. ஆலன் கீ எப்போதும் பையில் இருக்கட்டும், ஆட்டத்தின் நடுவில் பிடி ஆடத் தொடங்கினால் பேரி முழுக்கக் குழம்பும்.

மாற்று வாள் இன்னமும் பிரெஞ்சுதான், அறுக்காத வாலோடு. வியாழக்கிழமை மட்டும் அதை எடுத்து ஆடுகிறேன், விரல் மறந்துவிடக் கூடாதே என்று. அன்றைக்கெல்லாம் நிறையத் தோற்பேன். கீழே வெளிப்பக்கம் வரும் குத்துக்கு எட்டாம் நம்பர் எந்தப் பிடியிலும் எனக்கு இன்னும் வரவில்லை. முழங்காலில் வாங்கிய நீலத் தழும்பைப் பார்த்து மகள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், இந்த மாதம் ஏழு.