கிருஷ்ணகிரியில் பிரேக் பேட் மாற்ற விட்டேன், சென்சார் வயரை அறுத்துக் கொடுத்தார்கள்

மாமியார் வீடு சேலத்தில். மாதம் ஒரு தடவையாவது தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்ததுமே கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். பேடும் கூலியும் சேர்த்து 3,200 ரூபாய். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். நானும் கேட்கவில்லை, தப்பு என்னுடையது.

காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் மீட்டரில் ஏபிஎஸ் (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) விளக்கு எரிந்தது. சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போகலாம். சேலம் பயணத்தை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பினேன்.

"சென்சார் பழசாயிடுச்சு சார். நாங்க பேட் மட்டும்தான் மாத்தினோம்" என்றார் ஓனர். நம்பியும் விட்டேன். நல்லவேளை, டிராவல்ஸ் வண்டி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன், "ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வை" என்று சொல்லி, டயருக்குப் பின்னால் செல்போன் டார்ச் அடித்தார். உள்ளே எல்லாமே செம்மண் புழுதி. அதற்கு நடுவில், சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ்-க்குச் சொல்லும் சென்சாரின் வயரில் இரண்டு அங்குலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப், பளபளவென்று. விரல் வைத்தால் பசை ஒட்டுகிறது. பிரித்தால் அறுந்த செம்புக் கம்பியை வெறும் கையால் முறுக்கி விட்டிருக்கிறார்கள். காலிப்பரை (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) கழற்றும்போது இழுத்து அறுத்திருப்பார்கள். தவறு யாருக்கும் நடக்கும். சொல்லாமல் டேப்பைச் சுற்றி அனுப்பியதுதான் பொறுக்க முடியவில்லை. அதுவும் பிரேக் சமாச்சாரத்தில்!

டேப்பைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படத்தோடு மறுநாள் போனேன். மைலேஜ் கணக்குக்காக டீசல் போட்டு வண்டியை எடுத்ததும் மீட்டரைப் படம் எடுப்பது என் பழக்கம் (வீட்டில் கிண்டல் செய்வார்கள்). ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முந்தின நாள் படத்தில் எந்த விளக்கும் எரியவில்லை. அப்படியும் பிடிகொடுக்கவில்லை. ஜிபே-யில் பணம் கட்டிய ரசீதையும் காட்டி, "1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு வருகிறேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்" என்றேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே இல்லை என்றதும் குரல் இறங்கியது. சென்சார் விலை 2,400 ரூபாயைக் கொடுத்தார். வேறு இடத்தில் மாட்டிய கூலி 400 என் கையை விட்டுத்தான் போனது.

வண்டியை விடும்போது இன்ஜின் ஓடும் நிலையில் மீட்டரைப் படம் எடுங்கள். கிலோமீட்டர் எழுதிய ஜாப் கார்டு (என்ன வேலைக்கு வண்டியை விட்டோம் என்ற சீட்டு) கேளுங்கள், கழற்றிய பழைய பேடையும் கேட்டு வாங்குங்கள். நான்கு பக்கமும் குனிந்து அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இடது கதவுக்குக் கீழே ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து நசுக்கியிருப்பதை நான் ஒரு வாரம் கழித்து, வண்டி கழுவும்போதுதான் பார்த்தேன். அதற்கு என்னிடம் படம் இல்லை.